இந்த வருஷம் பண்டிகை இல்லாத வீடு

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால், குகைப் பகுதியில் சாமி வேஷத்தோடு அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தை வரைக்கும் சேலத்தில் விசேஷம்தான். துணையை இழந்தவர்கள் மனநல ஆலோசனையில் திரும்பத் திரும்பப் பேசுவதும் இந்த மாதங்களைப் பற்றித்தான். கருமாதி முடிந்து உறவு கலைந்த பிறகு வருகிற முதல் பண்டிகை ரொம்பக் கனம்.

“இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லீங்க” என்று சொன்னதும் தெருவே அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. மரியாதை நினைத்துத்தான் அப்படிச் செய்கிறோம். எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, புதுத்துணி கூடாது என்று வைத்த அதே வழக்கம்தான், அந்த வீட்டுக்குப் பலகாரத்தை அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றும் வைத்தது. இப்போது அது கேட்டில் மாட்டிவிட்டு வரும் பையாகச் சுருங்கிவிட்டது.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே போன் செய்யுங்கள். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பது நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் கேட்கிற வேலையை அவர்கள் தலையிலேயே போடுகிறது. துக்கத்தில் இருப்பவர் கேட்கவே மாட்டார். “அக்கா, புதன்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு வர்றேன். மருந்துக் கடைக்கும் போயிட்டு வந்துடலாம்” என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். மருந்துக் கடை காரணத்தோடுதான்: வரிசையாக விடுமுறை வந்து வழக்கமான டாக்டர் இல்லாமல் சர்க்கரை, பிரஷர் மாத்திரை விட்டுப்போவது பண்டிகை நாட்களில் சகஜம். பத்து நாளைக்கு மாத்திரை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வராமல் போவது, வருவதாகச் சொல்லாமலே இருப்பதைவிட மோசம்.

போனால் உட்காருங்கள், அரை மணி நேரம் போதும். இறந்தவரின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். அழுதுவிடுவாரோ என்று பயந்து எல்லாரும் அந்தப் பேரைத் தவிர்ப்பதால், வீட்டில் ஒருவர் வாழ்ந்த தடமே அழிந்ததுபோல் ஆகிவிடுகிறது. அழுதால் அழட்டும். “காலம் எல்லாத்தையும் ஆத்தும்” என்று முடித்துவைக்காதீர்கள். “அண்ணன் இருந்தா தீபாவளிக்கு என்ன செய்வாரு?” என்று கேட்டுப் பாருங்கள்.

அவர்களிடம் உதவி கேட்பது இன்னும் நல்லது. ஆறுதலைப் பெறுகிறவராகவே வைத்திருந்தால் யாருக்கும் சலித்துவிடும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, உங்கள் வீட்டில் முறுக்கு சுடும்போது பக்குவம் பார்க்கக் கூப்பிடுங்கள். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவு, உளுந்து குறைந்தால் கடக்கென்று இருக்கும் என்று அவரே சொல்வார். வரத் தயங்கினால் மாவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஏற்காட்டில் சிக்கல் வேறு. கிறிஸ்துமஸ் வருவது காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில். வேலைக்குப் போகிறவர்கள் போய்விட, தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளில் பெரியவர்கள் பகலெல்லாம் தனியாக இருக்கிறார்கள். கேரல் பாடப் போகும் இளைஞர்கள் துக்க வீட்டைத் தாண்டிப் போகாமல், மேளமில்லாமல் உள்ளே போய் ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டு வரலாம். பனி இறங்குவதற்குள் முதலில் அங்கே போவது நல்லது.

துக்கம் நோயல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், குளிக்காமல் இருந்தாலோ, “நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி” என்று சொன்னாலோ, “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, சேர்த்து வைத்த மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்தென்றால் 108. முதியோருக்கான உதவி எண் 14567.

நம் ஊரில் பலரும் தவறவிடும் நாள் ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பிள்ளைகள் பஸ் ஏறிய மறுநாள். பண்டிகையன்று வீட்டில் ஆள் இருக்கும். அன்றைக்குப் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த நாளைக் காலண்டரில் குறித்துவைத்துப் போங்கள். திரும்பும்போது அடுத்து வரும் கிழமையையும் சொல்லிவிட்டு வாருங்கள்.