பைலட்: நீகானா, வலவனா?

பைலட் என்ற சொல் கடலிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் துடுப்பைக் குறித்த ‘பேடோன்’ என்பதுதான் இதன் வேர் என்கிறார்கள். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, கப்பலைத் திசை பார்த்து நடத்துபவர் என்பதே பொருள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலை உள்ளே கொண்டுவர ஏறுபவருக்கு இன்றும் பைலட் என்றுதான் பெயர்.

இந்த வேலைக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு: நீகான். அகநானூறு 255-ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார், மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்து இடம் அறிந்து மரக்கலத்தைச் செலுத்தும் நீகானைக் காட்டுகிறார். பின்னாளில் மீகாமன், மாலுமி என்றெல்லாம் வந்தன.

விமானி என்பது விமானத்திலிருந்து வந்தது. மதுரைக்காரருக்கு விமானம் என்றால் முதலில் சொக்கநாதர் கருவறை மேல் நிற்கும் இந்திர விமானம். எட்டு யானைகள் தாங்குவது. பறக்கும் ஊர்திக்கும் கோயில் விமானத்துக்கும் ஒரே வடசொல்தான். வலவன் என்றால் தேரோட்டி. ‘வலவன் ஏவா வானவூர்தி’ (ஓட்டுபவர் செலுத்தாத வான ஊர்தி) என்று புறநானூறு 27 சொல்வதால், ட்ரோன் வந்ததும் பலர் அந்தத் தொடரை எடுத்துக்கொண்டார்கள். சரி, விமானி என்று யாரைச் சொல்வது?

மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடிப் பக்கம் டீக்கடையில், தலைக்கு மேல் விமானம் தாழ்ந்து போகும்போது, “ஏர்ஃபோர்ஸ்ல இருக்குறவன்தாண்ணே பைலட்டு. இவுக மேல பஸ்ஸு ஓட்டுறவுக” என்று யாராவது சொல்வதைக் கேட்கலாம். பாதி சரி. தஞ்சாவூரில் நிற்கும் சுகோய் போன்ற போர் விமானம் கடுமையாகத் திரும்பும்போது ஒன்பது மடங்கு எடை அழுத்தும். 70 கிலோ ஆள் 630 கிலோ ஆகிவிடுவார். ரத்தம் தலையைவிட்டு இறங்கி நினைவு தப்பும். அதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டே எதிரியையும் பார்க்க வேண்டும். போர்த்தேர் ஓட்டிய வலவன் பெயர் இவருக்குப் பொருந்தும்.

பயணிகள் விமானத்தில் அப்படித் திருப்பினால் வேலை போய்விடும். அங்கே சாய்வு பொதுவாக 30 பாகையைத் தாண்டாது. மூன்று பாகைச் சரிவில் இறங்க வேண்டும். ஓடுபாதை ஓரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பாகத் தெரிந்தால் உயரம் சரி. நான்கும் சிவப்பென்றால் ரொம்பத் தாழ்ந்துவிட்டோம். இளநாகனாரின் நீகான் இங்கேதான் இருக்கிறார். மழைமேகம், எரிபொருள், எந்த ஊருக்குத் திருப்புவது என்ற கணக்கெல்லாம் இவர் தலையில்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் போன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பெர்கர் முன்னாள் போர் விமானி. அதனால்தான் முடிந்தது என்பார்கள். ஆனால் 1983-இல் கனடாவில், எரிபொருள் தீர்ந்த போயிங் 767-ஐ கிம்லியில் இறக்கிய பாப் பியர்சனுக்குக் கைகொடுத்தது எஞ்சின் இல்லாத கிளைடரை ஓட்டிய பழக்கம். சல்லன்பெர்கரும் கிளைடர் ஓட்டியவரே. எஞ்சின் இல்லாமல் பறந்து பழகிய கைக்கு மதிப்பு அதிகம் என்பதே என் எண்ணம். சீருடை எதுவானாலும் சரி.

எழுதும்போது போர் விமானி, பயணிகள் விமானி என்று பிரித்தால் போதும். நீகான், வலவன் இரண்டையும் கவிதைக்கு வைத்துக்கொள்ளலாம். துணை விமானி என்பதில்தான் ஒரு குழப்பம்: சும்மா கூட உட்கார்ந்திருப்பவர் என்று நினைக்கிறார்கள். சென்னையிலிருந்து மதுரைக்குக் கேப்டன் ஓட்டி வந்தால், திரும்பும்போது பெரும்பாலும் துணை விமானிதான் ஓட்டுவார்.