வாரண்டியும் கேரண்டியும்

மிக்சி மோட்டார் புகைந்ததும் அம்மா ஓடிப்போய் எடுத்தது பீரோவில் பத்திரமாக வைத்திருந்த அட்டையைத்தான். "ரெண்டு வருஷம் கேரண்டி இருக்கு, புதுசு தருவாங்க" என்றார். அட்டையில் இருந்ததோ வாரண்டி, அதுவும் மோட்டாருக்கு மட்டும். புது மிக்சி வரவில்லை. ஒன்பது நாள் கழித்து, கம்பிச்சுருள் (காயில்) புதிதாகக் கட்டிய பழைய மோட்டாரோடு அதே மிக்சி திரும்பி வந்தது.

கடைக்காரர்கள் பேச்சில் கேரண்டி என்றால் மாற்றித் தருவது, வாரண்டி என்றால் சரிசெய்து தருவது. இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 36 மாதம், 24 மாதம் என்று இரண்டாகப் பிரித்திருந்தால், முதல் 36 மாதத்துக்குள் பழுதானால் புது பேட்டரி; அப்புறம் என்றால் ஓடிய காலத்துக்கு ஏற்ப விலையில் கழிவு மட்டும்தான்.

சட்டம் போடும் கோடு வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 126படி கேரண்டியில் மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுத்தவர், வாங்கியவர், அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வரும் வாரண்டி, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான துணை உறுதிமொழி. அதை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம். அதைக் காட்டிப் பொருளையே வேண்டாம் என்று தள்ள முடியாது.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. 'காப்பது' என்ற பொருள் கொண்ட பழைய ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குள் போனபோது, வடக்கே நார்மண்டியில் வகர ஒலி அப்படியே நின்றது. பாரிஸ் பக்கம் அது ககரமாயிற்று. ஆங்கிலம் இரண்டு வடிவத்தையும் வாங்கிக்கொண்டது. விடுதி வார்டனும், பள்ளிப் படிவத்தில் கையெழுத்திடும் கார்டியனும் இதே மாதிரி இரட்டையர்தான். பிடிவாரண்டில் உள்ள வாரண்டும் இந்தக் குடும்பமே: கைது செய்யப் போகிறவருக்கு அதிகாரமும் காப்பும் தரும் தாள்.

சரி, தமிழில்? இரண்டுக்கும் சேர்த்து 'உத்தரவாதம்' என்று எழுதிவிடுகிறோம். உத்தரம் என்றால் மறுமொழி. கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது என்பது அதன் பொருள். நல்ல சொல்தான், ஆனால் இரண்டு சுமையை அதன் தலையில் ஏற்றுவது சரியில்லை. கடனுக்கு நிற்கும் கேரண்டிக்குப் 'பிணை' இருக்கிறது. பிணைத்தல் என்றால் கட்டுதல். அடுத்தவர் கடனோடு நம்மைச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறோம். இதற்குப் 'புணை' என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு. புணை என்றால் தெப்பமும்தான். முழுகப் போகிறவனைத் தாங்குவது என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

மாற்றித் தருவோம் என்னும் கடை வாக்குறுதிக்கு உத்தரவாதமே இருக்கட்டும். வாரண்டிக்கு நான் எழுதுவது 'பழுதுப் பொறுப்பு'. 'பழுதுப் பொறுப்பு 2 ஆண்டு, மோட்டாருக்கு மட்டும்' என்று அந்த அட்டையில் அச்சிட்டிருந்தால், அம்மா புது மிக்சிக்காக ஒன்பது நாள் காத்திருந்திருக்க மாட்டார்.