‘பாப்பாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும்’ என்று போன் வந்தால்

குழந்தை பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் இந்த போன் வரும். அம்மாவுக்குத் தையல் இன்னும் ஆறியிருக்காது. பால் இப்போதுதான் சீராகச் சுரக்கத் தொடங்கியிருக்கும். குழந்தை நன்றாகக் குடிக்கிறது, நன்றாக மூத்திரம் போகிறது, பசித்தால் வீறிட்டு அழுகிறது. அப்போது, ‘குதிகால்ல எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் சரியில்ல, நாளைக்கு வாங்க’ என்று ஒரே வரி. பதில் கேட்பதற்குள் இணைப்பு துண்டாகிவிடும். வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஒரே அறையில் ஆறேழு பேர் இருக்கும் வீடுகளில், அந்த ஒரு வரி சாயங்காலத்துக்குள் பத்து வரியாக வளர்ந்துவிடும்.

இப்படித் திரும்பக் கூப்பிடப்படும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு நோய் எதுவும் இல்லை என்றுதான் முடிகிறது. ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்த பிறகும் பெற்றோரின் பயம் போவதில்லை. நாங்கள் பார்த்தவரை இதற்குக் காரணம் இரண்டு. போனுக்கும் இரண்டாவது ரிசல்ட்டுக்கும் நடுவில் யாரும் எதையும் விளக்குவதில்லை. ரிசல்ட் வந்த பிறகு ‘விஷயம் முடிந்தது’ என்று யாரும் எழுதித் தருவதில்லை. ‘பயப்படாதீங்க’ என்று சொல்லி இந்தப் பயத்தைப் போக்க முடியாது. தேதி போட்ட ஒரு எண்ணும் அதற்குக் கீழே ஒரு கையெழுத்தும்தான் போக்கும்.

முதல் ரத்தம் ஏன் தப்பாகச் சொல்கிறது

குழந்தை பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலின் பக்கவாட்டில் சின்னதாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த வடிதாள் அட்டையில் உள்ள வட்டங்களில் விடுவார்கள். பிறவித் தைராய்டு குறைபாடு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் கோளாறு, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடியின் குறைபாடு ஆகியவை பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். தனியார் மருத்துவமனைகளில் பட்டியல் இன்னும் நீளம். மூன்றுமே பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதவை. அதனால்தான் நன்றாக இருக்கிற குழந்தையைக் குத்துகிறோம்.

அதிகமாகக் குழப்புவது தைராய்டு. பிறந்த அரை மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச் சர்ரென்று 60, 80 வரைகூட ஏறும். வெதுவெதுப்பான கருப்பையை விட்டுக் குளிருக்கு வந்த உடம்பு அதற்கு ஈடுகொடுப்பதன் அடையாளம் அது. முதல் நாளில் வேகமாகவும், அடுத்த சில நாட்களில் மெதுவாகவும் இறங்கும். சுகப்பிரசவமாகி மறுநாளே வீட்டுக்குக் கிளம்புகிற குழந்தைக்கு, ‘போறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்’ என்று 24 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால், இறங்கிக்கொண்டிருக்கும் அந்த அளவுதான் ரிப்போர்ட்டில் வரும். ஆகவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘ரத்தம் எடுத்தப்போ குழந்தைக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது?’ பிறந்த நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் அட்டையிலேயே இருக்க வேண்டும்.

பிரசவத்திலோ தொப்புளிலோ பழுப்பு நிற அயோடின் மருந்தை நிறையத் தடவியிருந்தாலும் டி.எஸ்.எச் தற்காலிகமாக ஏறும். தாய் தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் போன்ற மருந்து சாப்பிட்டிருந்தாலும் அப்படித்தான். ஆனால் கர்ப்பத்தில் தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரை சாப்பிட்ட அம்மாக்கள் ‘என் மாத்திரையாலதான் இப்படி ஆச்சு’ என்று அழுவது அடிக்கடி நடக்கிறது. அந்த மாத்திரை குழந்தைக்கு இந்த நோயைத் தராது. அதைச் சாப்பிடாமல் விட்டிருந்தால்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும். மாமியார் காதில் விழும்படி இதைச் சொல்லுங்கள்.

அட்ரீனல் கோளாறுக்குப் பார்க்கும் 17-ஓ.எச்.பி என்ற ஹார்மோன், குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் ஐ.சி.யூ.வில் இருந்தவர்களுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். எடைக்கும் கர்ப்ப வாரத்துக்கும் ஏற்ற அளவுகோலில் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். அட்டையில் எடையைத் தப்பாக எழுதினாலோ எழுதாமல் விட்டாலோ ஆய்வகத்துக்கு இது தெரிய வழியே இல்லை.

ஜி6பிடி கதை வேறு. அது ஒரு நொதி. வெயிலும் ஈரப்பதமும் பட்டால் அட்டையில் காய்ந்த ரத்தத்திலேயே அதன் வீரியம் குறைந்துவிடும். உடனே ‘குறைபாடு’ என்று ரிப்போர்ட் வரும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் சித்திரை வெயிலும் கடற்காற்றின் பிசுபிசுப்பும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அட்டையைப் படுக்கைவசமாக வைத்து, வெயில் படாமல், ஃபேனோ ஹீட்டரோ நேராக அடிக்காமல், குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் உலர விட வேண்டும். பிறகு ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு அனுப்ப வேண்டும். ஈரம் போகாத அட்டையை பாலித்தீன் கவருக்குள் திணித்து, சனிக்கிழமை மத்தியானம் மேசை மேல் வைத்துவிட்டுப் போனால் திங்கட்கிழமைக்குள் அது பாழ். ஒரே வட்டத்தில் இரண்டு முறை சொட்டு விட்டாலும், குதிகாலை அழுத்திப் பிழிந்தாலும், துடைத்த ஸ்பிரிட் காயும் முன் குத்தினாலும் எண்கள் மாறும். பல தடவை கோளாறு குழந்தையிடம் இல்லை, அட்டையிடம்தான்.

இவ்வளவு தப்பு வரும் என்றால் எதற்கு இந்த டெஸ்ட்? காசிமேட்டில் வலை பின்னுகிறவருக்கு இது சட்டென்று புரியும். கண்ணி சின்னதாக இருந்தால் வேண்டாததும் சிக்கும், பெரிதாக இருந்தால் வேண்டியது தப்பிவிடும். இந்தப் பரிசோதனையில் கண்ணியை வேண்டுமென்றே சின்னதாகப் பின்னியிருக்கிறார்கள். ஒரு கணக்குக்கு, 10,000 குழந்தைகளில் 100 பேரைத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிறவித் தைராய்டு குறைபாடு நம் நாட்டில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு இருப்பதால், அந்த 100 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 10 பேர் அளவில்தான் இருப்பார்கள். மீதி 90 வீடுகளும் சும்மா பயந்தவை. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவரை விட்டாலும் மூளை வளர்ச்சி பாதிக்கும், பிறகு அதை மீட்க முடியாது.

ஆகவே ‘எல்லாம் சும்மா ஒரு டெஸ்ட்டுதான், ஒண்ணும் இருக்காது’ என்று ஆறுதல் சொல்வதும் ஆபத்து. அதை நம்பி மறுபரிசோதனைக்கு வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். மிரட்டுவதைவிட இது மோசம் என்பது எங்கள் கருத்து.

போனில் என்ன சொல்ல வேண்டும்

இது சக செவிலியர்களுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும். அந்த போன் இப்படி இருக்கலாம்:

‘அம்மா, பாப்பா பால் குடிக்குதா? வாந்தி எதுவும் இல்லியே? சரி. குதிகால்ல எடுத்த ரத்தத்துல தைராய்டு அளவு கொஞ்சம் கூட வந்திருக்கு. நோய்னு இன்னும் சொல்ல முடியாது. உறுதிப்படுத்த கையில கொஞ்சம் ரத்தம் எடுக்கணும். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வாங்க. வெறும் வயிறு வேண்டாம், பால் குடுத்துட்டே கூட்டிட்டு வாங்க. ரிசல்ட் எப்போ வரும், யாரு சொல்லுவாங்கன்னு அங்கேயே எழுதித் தருவோம். வீட்டுல யாராச்சும் பேசணுமா?’

கடைசிக் கேள்வி முக்கியம். போனை எடுப்பது பெரும்பாலும் அம்மா இல்லை. அட்டையில் அப்பாவின் எண் இருக்கும். அவர் துறைமுகத்தில் ஷிஃப்டில் இருப்பார், அல்லது விசைப்படகில் சிக்னல் இல்லாத தூரத்தில் இருப்பார். அம்மாவோ பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருப்பார். அப்பா பாதி கேட்டு, மச்சானிடம் சொல்லி, அவர் மாமியாரிடம் சொல்லி, கடைசியாக அம்மாவுக்கு வந்து சேரும்போது ‘புள்ளைக்கு இன்னாவோ ரத்தத்துல கோளாறாம்’ என்று ஆகியிருக்கும். டிஸ்சார்ஜ் அன்றே இரண்டு எண்கள் வாங்கி, அதில் ஒன்று அம்மா இருக்கப்போகும் வீட்டின் எண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்து திங்கட்கிழமை வரச் சொல்லாதீர்கள். அவசரம் இல்லாத ரிசல்ட் என்றால் திங்கட்கிழமை காலையிலேயே சொல்லலாம்.

காத்திருக்கும் நாட்களில்

எவ்வளவு காத்திருக்கலாம் என்பது அளவைப் பொறுத்தது. இந்தியக் குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமைப்பான இஸ்பேயின் 2018 வழிகாட்டுதல்படி முதல் டி.எஸ்.எச் 40-க்கு மேல் என்றால் உடனே நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 20-க்கும் 40-க்கும் நடுவில் என்றால் 7 முதல் 10 நாள் வயதில் இன்னொரு முறை பார்க்கலாம். ஒரு நுணுக்கம்: இந்த எண்கள் சீரம் (ரத்த அணுக்கள் நீக்கிய தெளிந்த நீர்) அளவில் சொல்லப்படுபவை. அட்டை ரத்தத்தின் அளவாகவே ரிப்போர்ட் கொடுத்தால் எண் ஏறக்குறைய பாதியாக இருக்கும், 2.2-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டை பக்கத்து வீட்டுக்காரர் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பாலில் உள்ள சர்க்கரையை உடம்பு ஏற்காத பிறவி நோயான காலக்டோசீமியா சந்தேகம் என்று மருத்துவரே நிறுத்தச் சொன்னால் மட்டும், அவர் சொல்லும் மாற்றுப் பாலைக் கொடுத்து, தாய்ப்பாலைப் பீய்ச்சி சுரப்பைக் காத்துக்கொள்ளுங்கள். ‘உன் பால்லதான் கோளாறு’ என்று டப்பா பால் வாங்கி வரும் உறவினர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. தடுப்பூசியைத் தள்ளிப்போட இது காரணம் இல்லை. ஜி6பிடி சந்தேகம் என்றால் உறுதியாகும்வரை பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணிகளைப் போடாதீர்கள். மருதாணி வைக்காதீர்கள். குழந்தைக்கோ பால் கொடுக்கும் அம்மாவுக்கோ புது மருந்து எழுதுகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மந்திரித்துக் கயிறு கட்டுவதை நாங்கள் தடுப்பதில்லை. கட்டிக்கொண்டு, ஒன்பது மணிக்கு வந்துவிட்டால் போதும். உள்ளே மருந்து கொடுப்பதை மட்டும் தடுக்கிறோம்.

அட்ரீனல் கோளாறோ காலக்டோசீமியாவோ சந்தேகம் என்றால் காத்திருப்பு வேறு மாதிரி. திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்காமை, எழுப்பினாலும் எழாத தூக்கம், எடை இறங்குவது, கை கால் சில்லிடுவது, வலிப்பு, உள்ளங்கால் வரை மஞ்சள் ஆகிய எதைக் கண்டாலும் கொடுத்த தேதிவரை இருக்க வேண்டாம். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ரத்தத்தில் உப்புகளான சோடியம், பொட்டாசியம் அளவை உடனே பார்ப்பார்கள்.

இரண்டாவது ரிசல்ட்

இங்கே இன்னொரு பயம் கிளம்பும். தெருமுனை லேபில் கொடுத்த குழந்தையின் டி.எஸ்.எச் 7 என்று வந்திருக்கும். பக்கத்தில் 0.5 முதல் 5 வரை என்று அச்சிட்டு, தடித்த எழுத்தில் ‘ஹை’ என்று போட்டிருப்பார்கள். அது பெரியவர்களுக்கான அளவு. முதல் வாரங்களில் குழந்தைகளின் இயல்பு அளவு அதைவிடக் கூடுதல். தைராக்சின் அளவோடு சேர்த்து, வயதுக்கேற்ற அட்டவணையில் குழந்தை மருத்துவர்தான் படிக்க வேண்டும். கூகுள் படித்துச் சொல்வது பெரியவர்களின் தைராய்டு.

நோய் உறுதியானால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் இரண்டு வார வயதுக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்பது தொடக்க அளவு. பொடித்து ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கொடுக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைப் போலவே படித்து வளர்கிறார்கள்.

நோய் இல்லை என்றால்? ‘நார்மல், போங்க’ என்பது போதாது. தாய் சேய் நல அட்டையில் இப்படி எழுதி வாங்குங்கள்: முதல் அளவு, தேதி, இரண்டாவது அளவு, தேதி, பிறவித் தைராய்டு குறைபாடு இல்லை, இதற்காக மறுபடி வர வேண்டாம், மருத்துவரின் கையெழுத்து. இது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலுக்குப் போகும் இடத்தில் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து ‘தைராய்டு இருக்கா?’ என்று கேட்பார்கள். எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். குறைமாதக் குழந்தைக்கும் இரட்டையருக்கும் இரண்டாம் முறை பார்ப்பது வழக்கமான நடைமுறை, சந்தேகத்தால் அல்ல. அதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தைக்கு ஆபத்து என்று ஒருமுறை பயந்த பெற்றோர், அது குணமான பிறகும் அதை நோயாளியாகவே நடத்துவதை மோரிஸ் கிரீன், ஆல்பர்ட் சோல்னிட் என்ற மருத்துவர்கள் 1964-லேயே எழுதினார்கள். நம்மிடமும் பார்க்கலாம். மூச்சு வருகிறதா என்று ராத்திரி பத்து முறை தொட்டுப் பார்ப்பது, மருந்துக்கடை தராசில் தினமும் எடை போடுவது, தும்மினாலும் ஆட்டோ பிடிப்பது, அத்தையிடம்கூடத் தூக்கக் கொடுக்காதது. ஒரு வாரம், பத்து நாள் இப்படி இருந்தால் இயல்புதான். குழந்தை தூங்கும்போதும் அம்மாவுக்குத் தூக்கம் வராமல், பசியில்லாமல், அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது குழந்தையின் ரிப்போர்ட் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, அம்மாவின் மனநலம் சம்பந்தப்பட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய, பத்தே கேள்விகள் உள்ள எடின்பரோ கேள்விப் பட்டியல் தமிழில் இருக்கிறது, தடுப்பூசி போட வரும்போதே கேட்டுவிடலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, நாள் முழுக்க, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். சாக வேண்டும் போல் இருக்கிறது என்று அம்மா சொன்னால் தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள்.

அடுத்த பிரசவத்தில் ‘அந்தக் குதிகால் டெஸ்ட் மட்டும் வேண்டாம்’ என்கிறார்கள் சிலர். முதல் குழந்தைக்குத் தப்பாக வந்ததை வைத்து இரண்டாவது குழந்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில், 48 மணி நேரம் ஆன பிறகு எடுக்கச் சொல்லுங்கள். சீக்கிரமே வீட்டுக்குப் போவதாக இருந்தால், மூன்றாம் நாள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்க முடியுமா என்று கிளம்பும் முன்பே நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.