வரப்போவதை நிறுவனங்கள் எப்படி மோப்பம் பிடிக்கின்றன?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பெரிய நிறுவனங்களிடம் பணம் இருக்கிறது, நிபுணர்கள் இருக்கிறார்கள். இருந்தும் கண்ணெதிரே வரும் மாற்றத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்களே, எப்படி?” நல்ல கேள்வி. பதிலில் கொஞ்சம் மேலாண்மையும் நிறைய நிகழ்தகவுக் கணக்கும் இருக்கின்றன.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நீண்டகாலத் திட்டம் போடும் முன் ஒரு நிறுவனம் தன்னைச் சுற்றி நடப்பதை நோட்டம் விடுகிறது. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்று ஆறு தலைப்புகள். நெருங்கிய வட்டத்தில் வாடிக்கையாளர்கள், போட்டியாளர்கள், மூலப்பொருள் தருபவர்கள். கிடைப்பதை வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று பிரித்து, தன் பலம் பலவீனத்தோடு பொருத்திப் பார்க்கிறது. எந்த மேலாண்மைப் பாடப்புத்தகத்திலும் இது இருக்கும். இந்த அட்டவணையை நிரப்பத் தெரியாமல் பெரிய நிறுவனங்கள் விழுவதில்லை. வந்த செய்தியை எந்த அளவுக்கு நம்புவது, நம்பி என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகின்றன.

2000 மார்ச் 17. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகர்க்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலை. மின்னல் தாக்கியதால் ஏற்பட்ட மின்தடங்கலில் ஆலைக்குள் சிறிய தீ. சுமார் பத்து நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் தயாரிக்கும் தூய்மை அறையில் ஒரு தூசு விழுந்தாலே சரக்கு வீண். அங்கே புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. அந்தச் சிப்புகளை நம்பிக் கைப்பேசி செய்துகொண்டிருந்தவர்கள் நோக்கியாவும் எரிக்சனும். ஒரு வாரம் தாமதமாகும் என்று இருவருக்கும் பிலிப்ஸ் தகவல் சொன்னது. ஒரே செய்தி, ஏறக்குறைய ஒரே நேரம்.

எரிக்சனில் அது ஒரு சாதாரணத் தாமதமாகக் கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. நோக்கியாவும் பதறவில்லை, ஆனால் அந்த உதிரிபாகங்களைத் தனிக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்து, தினமும் பிலிப்ஸை அழைத்து விசாரித்தது. இழப்பு வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் என்பது தெரிய வந்தபோது நோக்கியா மாற்று வழிகளைப் பிடித்துவிட்டிருந்தது. எரிக்சனுக்கு மாற்று இல்லை. சுமார் 40 கோடி டாலர் வருவாய் போனதாக அப்போது கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு அது தன் கைப்பேசித் தொழிலைச் சோனியுடன் கூட்டு நிறுவனமாக மாற்றிக்கொண்டது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும் இந்தத் தீயின் பங்கு பெரிது.

நோக்கியா செய்ததில் மூளைக்கு வேலை தரும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த இடம் இதுதான், ஆகவே நிதானமாகப் போவோம்.

ஒரு நிறுவனத்தின் காதுக்கு 1,000 செய்திகள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 10 மட்டுமே உண்மையான ஆபத்தின் அறிகுறி. மீதி 990 வெறும் இரைச்சல். நிறுவனத்தின் கண்காணிப்புக் குழு கெட்டிக்காரக் குழு: உண்மையான 10-இல் 9-ஐப் பிடித்துவிடும். இரைச்சலில் பத்தில் ஒன்றை மட்டுமே ஆபத்து என்று தவறாக எண்ணும். இப்போது எத்தனை எச்சரிக்கை மணி அடிக்கும்? உண்மையானவை 9, பொய்யானவை 99. மொத்தம் 108. அதாவது, பன்னிரண்டு மணியோசையில் பதினொன்று பொய். இவ்வளவு நல்ல குழுவுக்கே இந்த நிலை!

நிர்வாகத்தின் தர்மசங்கடம் இதனால் வருவது. ஒவ்வொரு மணிக்கும் ஓடினால் காசும் நேரமும் கரையும். சில மாதங்களில் யாரும் அந்தக் குழுவை மதிக்க மாட்டார்கள். ஒன்றுக்கும் அசையாவிட்டால் அந்த ஒன்பதில் ஏதோ ஒன்று நிறுவனத்தையே சாய்த்துவிடும். இரண்டாம் உலகப் போரின் ராடார் திரையில் தெரியும் புள்ளி விமானமா, பறவைக் கூட்டமா என்று திணறியதையொட்டி வளர்ந்த சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு எதிர்கொண்டதும் இதே சிக்கலைத்தான்.

இனி, மணி அடித்த 108-ஐயும் வேறொரு வழியில், அதே தரத்தில், இன்னொரு முறை சோதியுங்கள். உண்மையான 9-இல் சுமார் 8 தேறும். பொய்யான 99-இல் சுமார் 10 மட்டுமே தேறும். பன்னிரண்டில் ஒன்றாக இருந்த நம்பகத்தன்மை ஒரே தாவலில் 45 சதவீதம்! மூன்றாவது சோதனையில் 88 சதவீதம். தனித்தனியாக நம்பத்தகாத மூன்று சாட்சிகள் சேர்ந்து ஏறக்குறைய உறுதியான சாட்சியமாகிவிடுகின்றன. புதிய சான்று வர வர நம் நம்பிக்கையின் அளவை எப்படித் திருத்துவது என்று சொல்லும் பேயஸ் தேற்றம் பள்ளிப் புத்தகத்தில் வறண்டு கிடக்கிறது. இங்கே பாருங்கள், எப்படி உயிர் பெறுகிறது!

நோக்கியாவின் தினசரி அழைப்பு இந்த இரண்டாவது, மூன்றாவது சோதனை போன்றதுதான். ஓர் அழைப்புக்குச் செலவு ஒன்றுமில்லை. 1975-இல் மேலாண்மை அறிஞர் இகோர் அன்சாஃப் சொன்ன யோசனையும் இதுவே. சமிக்ஞை மெலிதாக இருக்கும்போது அதற்கேற்ற சிறிய அடி எடுத்து வை; அது வலுக்க வலுக்க அடியையும் பெரிதாக்கு; எல்லாம் தெளிவாகட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஒரு நிபந்தனை. சோதனைகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே செய்தி நிறுவனத்தின் தகவலை ஐந்து நாளிதழ்கள் வெளியிட்டால் அது ஐந்து சாட்சி ஆகாது; ஒன்றுதான். 1967-இல் ஹார்வர்டின் பிரான்சிஸ் அகிலார் வணிகச் சூழல் நோட்டம் பற்றி எழுதிய முன்னோடி ஆய்வில், மேலாளர்கள் அச்சிட்ட அறிக்கைகளைவிடத் தெரிந்த மனிதர்கள் சொல்வதையே பெரிதும் சார்ந்திருப்பதைக் கண்டார். அந்த மனிதர்கள் எல்லோரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களானால் மேலே போட்ட கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். அதனால்தான் நல்ல கண்காணிப்புக் குழு ஒவ்வொரு செய்திக்கும் அது முதலில் எங்கே கிளம்பியது என்பதைக் குறித்து வைக்கிறது.

இங்கே என் கருத்து ஒன்று. சாராத சாட்சிகளில் சிறந்தது அரசு எடுக்கும் பொதுப் புள்ளிவிவரம்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைவாய்ப்பு, வானிலைத் தரவு. சிக்கனம் என்றதும் பல நாடுகளில் முதலில் கைவைக்கப்படுவது இந்த நிதியில்தான். பெரிய நிறுவனம் தனியாரிடம் தரவை விலைக்கு வாங்கிக்கொள்ளும். சிறு தொழிலுக்குக் கண்ணே இதுதான். அந்த நேரத்தில் ஜோதிடரிடமும், எதிர்காலத்தைத் தெரிந்தவர் போல மேடையில் பேசுபவரிடமும் போகிற பணத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் தங்கள் கணிப்பில் எத்தனை பொய்த்தது என்று என்றைக்காவது கணக்கு காட்டியிருக்கிறார்களா?

கணக்கு சரியாக வந்தாலும் போதாது. செய்தி மூன்று வடிகட்டிகளைத் தாண்ட வேண்டும் என்றார் அன்சாஃப்: எங்கே பார்க்கிறோம் என்பது ஒன்று, பார்த்ததை மனம் ஏற்கிறதா என்பது இன்னொன்று, அதிகாரத்தில் இருப்பவர் அதை அனுமதிக்கிறாரா என்பது கடைசி. டிஜிட்டல் கேமராவின் முன்மாதிரியை 1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளரே செய்துவிட்டார். 1981-இல் அதன் உள் ஆய்வு, டிஜிட்டல் ஒருநாள் ஃபிலிமின் இடத்தைப் பிடிக்கும், சுமார் பத்தாண்டு அவகாசம் உண்டு என்று கணித்தது. முதல் வடிகட்டியில் குறையே இல்லை. ஆனால் லாபம் கொட்டியது ஃபிலிமில். 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது.

மனத்தின் வடிகட்டியைத் தளர்த்த ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் வேறொரு வழி கண்டார். 1970-களின் தொடக்கத்தில் அவர் குழு மேலாளர்களுக்கு விலைக் கணிப்பு கொடுப்பதற்குப் பதிலாக, எண்ணெய் நாடுகள் உற்பத்தியைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதைக் காட்சிகளாக விரித்துக் காட்டி, அந்த உலகில் உங்கள் முடிவு என்ன என்று கேட்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த உலகை முன்பே ஒருமுறை மனதில் நடந்து பார்த்திருந்ததால், ஷெல் போட்டியாளர்களைவிட வேகமாகத் தன் முதலீடுகளை மாற்றிக்கொண்டது.