ஐடிலில் அணைந்து, எண்பதில் எரியும் ஆயில் லைட்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களை அடிக்கடி குழப்பும் கோளாறு இது. 544-ஆம் தேசிய நெடுஞ்சாலையில் பெருந்துறை தாண்டி அவினாசி நோக்கி எண்பதில் போகும்போது, ஆயில் பிரஷர் குறைந்ததைச் சொல்லும் சிவப்பு ஆயில் லைட் மினுக்கும். இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். அதில் சமரசமே கூடாது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தால் லைட் அணைந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் அளவும் சரியாகவே இருக்கும். "பேரிங் போச்சுங்க, இன்ஜினை இறக்கிறலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

பம்ப் தள்ளும் ஆயிலைப் பேரிங்குகளின் குறுகிய கேப் தடுப்பதால்தான் பிரஷர் ஏறுகிறது. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே பெரும்பாலும் 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர்தான் கேப். தேய்ந்து அது இரண்டு மடங்கானால், அதே பிரஷரில் வெளியேறும் ஆயில் எட்டு மடங்காகும். சூடேறிய ஆயில் நீர்த்தும் போகிறது. அதனால் பேரிங் தேய்ந்த வண்டியில் லைட் எரிவது சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பம்ப் வேகமாகச் சுற்றி லைட் அணைந்துவிடும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு.

வேகம் கூடக் கூட பிரஷர் குறைந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பம்ப் உறிஞ்சும் பக்கத்தை. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு அடைத்தால் தண்ணீர் குறைவது போலத்தான். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலை அடைத்தால், ஐடிலுக்குத் தேவையான ஆயில் வரும். 3000 ஆர்பிஎம்முக்கு வராது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நின்று, வலையில் ஒட்டிய கசடு கொஞ்சம் விலகும். பத்து நிமிடத்தில் லைட் "சரியாகிப்போன" ரகசியம் இதுதான்.

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சம்ப் விளிம்பில் சிலிக்கான் பேஸ்ட் புழு மாதிரி பிதுங்கியிருந்தால், உள்பக்கமும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அந்தத் துணுக்குகள் பிய்ந்து வலையில் படியும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் கருங்கசடு. ஆயிலில் நனைந்து ஓடும் டைமிங் பெல்ட் உள்ள மாடல்களில் ரப்பர் துகள்.

சம்ப்பைக் கழற்றும் முன் அளந்துவிடுங்கள். லைட்டை எரிய வைப்பது வெறும் சுவிட்ச், பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கினால்தான் அது மூடும், அதற்கு மேல் எவ்வளவு என்று சொல்லாது. சாவியை மட்டும் திருப்பினால் லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் விற்றவர்கள் வயரைப் பிடுங்கியிருக்கலாம். சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் 10 பார் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். மரை பொருந்தாவிட்டால் கோவை கணபதி பக்கம் லேத்தில் அடாப்டர் கடைந்து வாங்கலாம்.

இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின் ஐடிலில் ஒரு பார், 2000-இல் இரண்டு பார் இருந்தால் பல இன்ஜின்களுக்குப் போதும். கடைசி வார்த்தை கம்பெனி மேனுவலுடையது. பிறகு 3000-இல் இரண்டு நிமிடம் பிடியுங்கள். முள் ஏறி, மெல்ல நடுங்கி இறங்கினால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சு குழாயின் ஓ-ரிங் கெட்டிப்பட்டுக் காற்று புகுகிறது. குளிர்ந்த இன்ஜினிலேயே எல்லா வேகத்திலும் குறைவென்றால் கூடுதல் பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். கேஜ் நன்றாகக் காட்டியும் லைட் எரிந்தால் சுவிட்சை மாற்றினால் முடிந்தது.

இஞ்சின் ஃப்ளஷ் ஊற்றிக் கழுவலாமா? வேண்டாம். பெயர்ந்த கசடு நேராக வலைக்குத்தான் போகும். சம்ப்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரை மண்ணெண்ணெயில் கழுவி, ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள். இறக்கிய கையோடு ஒரு கனெக்டிங் ராடின் அடி மூடியைக் கழற்றி பேரிங்கில் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரஷர் இல்லாமல் ஓடியிருந்தால் அங்கேதான் தெரியும். பேஸ்ட்டை மூன்று மில்லிமீட்டர் கோடாக மட்டும் இழுத்து, அதன் உறையில் சொன்ன நேரம் காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றுங்கள். கசடு இருந்த வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்ற வேண்டும்.