கடன் பாக்கி இருந்தால் அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

அமெரிக்க மத்திய அரசிலோ ராணுவ ஒப்பந்த நிறுவனத்திலோ ரகசியத் தகவல்களைக் கையாளும் வேலைக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும். இதில் பலரையும் சறுக்கவைப்பது சொந்தக் கடன்.

வீட்டுக் கடனையும் கார் கடனையும் தவணை தவறாமல் கட்டிவருபவர் பயப்பட வேண்டியதில்லை. இத்தனை டாலருக்கு மேல் போனால் கிடையாது என்ற வரம்போ, இவ்வளவு கிரெடிட் ஸ்கோர் வேண்டும் என்ற நிபந்தனையோ விதியில் இல்லை. 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ள, கிளியரன்ஸ் தருவதற்கான அளவுகோல்களைச் சொல்லும் ‘சீட்-4’ உத்தரவில் ‘எஃப்’ என்ற பிரிவு பணவிஷயத்துக்கானது. கட்ட முடியாமல் போனதா, வசதி இருந்தும் கட்டாமல் விட்டதா, சூதாட்டமா, வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லையா என்றுதான் அது பார்க்கிறது. கடன் நெருக்கடியில் இருப்பவர் பணத்துக்காகத் தவறான வழியில் இறங்கக்கூடும் என்பது ஒரு கவலை. சொந்தக் கடமையில் அலட்சியமாக இருப்பவர் ரகசியத்தைக் காப்பதிலும் அப்படித்தான் இருப்பாரோ என்பது இன்னொன்று.

கிளியரன்ஸுக்கான எஸ்எஃப்-86 விண்ணப்பப் படிவத்தின் 26-ஆம் பகுதியை நிதானமாக நிரப்புங்கள். கடந்த 7 ஆண்டுகளில் திவால், வரி பாக்கி, கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு, அதாவது பாக்கி வசூலிக்கும் நிறுவனத்துக்கு, போன பில், வங்கி வாராக்கடனாக எழுதிய கணக்கு, கடனுக்காகச் சம்பளத்தில் செய்த பிடித்தம், 120 நாளுக்கு மேல் தாமதமான கடன் எல்லாவற்றையும் அது கேட்கும். அடைத்துவிட்டாலும் எழுத வேண்டும். மச்சானுக்காகவோ நண்பருக்காகவோ ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் இதில் அடங்கும். இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தெரிந்தே மறைத்தால் விஷயம் கடனோடு நிற்காது. நேர்மை பற்றிய ‘ஈ’ பிரிவும் சேர்ந்துகொள்ளும், பொய்த் தகவலுக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. கடனை விட மறைத்ததால் வரும் சேதமே பெரிது.

படிவத்தில் கை வைக்குமுன் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற, கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் மூன்று நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே ஆஸ்பத்திரி பில், ஆஸ்பத்திரி பெயரில் ஒரு வரியாகவும் அதை வாங்கிய ஏஜென்சி பெயரில் இன்னொரு வரியாகவும் நிற்பதுண்டு. உங்களுடையது இல்லையென்றால் எழுத்தில் மறுத்து, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை போனது, மணமுறிவு, பெரிய நோய், அடையாளத் திருட்டு போன்றவை உங்கள் கையை மீறியவை என்று ஏற்கப்படும். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். கடன் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேசினீர்களா? தவணை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? மாதம் 50 டாலர்தான் என்றாலும், தொடர்ந்து கட்டியதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மெண்ட் ‘இனிமேல் கட்டுகிறேன்’ என்ற வாக்குறுதியை விட எடை கூடியது. 7 ஆண்டு கழிந்து ரிப்போர்ட்டிலிருந்து கடன் தானாக மறைந்தால் அது தீர்ந்ததாக ஆகாது.

பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் ஒரு சிக்கல் உண்டு. தள்ளுபடியான தொகை 600 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளுபடியைக் காட்டும் 1099-சி வரிப் படிவம் வரலாம். அந்தத் தொகை பெரும்பாலும் வருமானமாகக் கருதப்படும். கணக்கில் காட்டாமல் விட்டால் கடன் போய் வரிப் பிரச்சினை வந்து நிற்கும்.

உங்களுக்குக் கிளியரன்ஸ் தருவதில் அரசுக்கு ஆட்சேபம் இருந்தால் ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் ரீசன்ஸ்’ என்ற, காரணங்களைப் பட்டியலிடும் கடிதம் வரும். ஒப்பந்த நிறுவன ஊழியருக்குப் பதில் தர 20 நாள். அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு காரணத்துக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று தனித்தனியாக எழுதி, ரசீதுகளை இணைக்க வேண்டும். நேரில் விசாரணை வேண்டுமென்றால் அந்தப் பதிலிலேயே கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள்.

கிளியரன்ஸ் வாங்கியவர்களையும் இப்போது தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏதாவது மாறினால் அதுவும் தெரிந்துவிடும். திவால் மனு போட்டாலோ கடன் 120 நாள் தாண்டினாலோ அலுவலகப் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.