பத்து நிமிட வேலையும் பழைய ஹார்ட் டிஸ்க்கும்

வாரத்தில் நான்கைந்து பேராவது லேப்டாப்பை என் மேசையில் வைத்துவிட்டு இதைத்தான் சொல்கிறார்கள்: "எஸ்எஸ்டி மாற்ற வேண்டும் சார். பத்து நிமிட வேலைதானே, இருந்து வாங்கிக்கொண்டே போகிறேன்."

பத்து நிமிட வேலைதான், மறுக்கவில்லை. அடிமூடியைக் கழற்றி, தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சில்லுகளால் ஆன எஸ்எஸ்டியைச் சொருகி மூட அது தாராளம். ஆனால் திருப்புளியைக் கையில் எடுக்குமுன் "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்பேன். "பெரிதாக ஒன்றும் இல்லை" என்பதுதான் பெரும்பாலும் பதில். திறந்து பார்த்தால் டெஸ்க்டாப்பில் வால்பேப்பரே தெரியாத அளவுக்குக் கோப்புகள் அடைத்துக்கொண்டிருக்கும். பிள்ளையின் சாதிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், ஆறு வருடத்து டேலி கணக்கு.

திருச்சியில் சர்வீஸ் கடை வைத்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டில் வந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். மெதுவாகிவிட்டது, புதியது போட்டு எல்லாவற்றையும் அப்படியே மாற்றித் தர வேண்டும் என்றார். புதியதும் 500 ஜிபிதான், அதே நிறுவனம், அதே மாடல். இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டையும் கடைக் கணினியில் இணைத்து, நகலெடுக்கும் மென்பொருளைத் திறந்தேன். திரையில் ஒரே பெயரில் இரண்டு வரிகள். எதிலிருந்து எதற்கு என்று தேர்ந்தெடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது, 'இலக்கு' என்று காட்டிய டிஸ்க்கின் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், அவருடைய பழைய டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தன. காலி டிஸ்க்கை எடுத்து, நிறைந்த டிஸ்க்கின் மேல் 11 நிமிடங்களாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த 11 நிமிடத்தில் டிஸ்க்கின் முன்பகுதியில் ஐம்பது ஜிபிக்கு மேல் வெறுமையாகிவிட்டது. முன்பகுதி என்றால் சி டிரைவ். பின்னால் இருந்த டி டிரைவ் தப்பியது. எந்த டிரைவ் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பகுதி அட்டவணை அழிந்திருந்தாலும், டி டிரைவின் கோப்பு அட்டவணை அப்படியே இருந்ததால் மூன்று இரவுகள் உட்கார்ந்து கல்யாணப் படங்களை மீட்டேன். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர். வடிவமைத்து முடித்த இரண்டு ஆல்பங்கள் அங்கேதான் இருந்தன. "அந்த இரண்டு வீட்டுக்கும் நான் என்ன சொல்வது?" என்று மட்டும் கேட்டார். ஆல்பங்களை மறுபடி வடிவமைக்க ஆன கூலியை நான் கொடுத்தேன். அன்று முதல் வாடிக்கையாளரின் டிஸ்க் கைக்கு வந்ததும் முதலில் அதன் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டுகிறேன். நகலெடுப்பதற்கு முன்பு முக்கியமான ஃபோல்டர்கள் மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் ஏறியாக வேண்டும். வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவாக இருந்தால் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.

நகலெடுப்பதிலேயே இன்னொரு கண்ணி உண்டு. லேப்டாப் மெதுவானதால்தான் எஸ்எஸ்டி போட வருகிறார்கள். ஏன் மெதுவானது என்று யாரும் பார்ப்பதில்லை. சில நேரம் அது டிஸ்க் சாகப்போவதன் அறிகுறி. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் திணறும் பகுதிகளின் எண்ணிக்கை. இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால், முழு டிஸ்க்கையும் நகலெடுக்க உட்காராதீர்கள். முதலில் வேண்டிய கோப்புகளை மட்டும் வெளியே எடுங்கள். விண்டோஸை நாளைக்குப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். 'டிக்... டிக்...' என்று சீரான சத்தம் வந்தால் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்துங்கள். பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்டிப் பார்ப்பது அதன் கடைசி மூச்சையும் வாங்கிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று எங்கோ படித்துவிட்டு ஒருவர் டிஸ்க்கைச் செய்தித்தாளில் சுற்றி, ஈரம் சொட்டக் கொண்டு வந்தார். அதைப் பற்றி இங்கே வேறு ஒன்றும் எழுத விரும்பவில்லை.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் லேப்டாப் ஊர்ந்தால், எஸ்எஸ்டி நிச்சயம் உதவும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய இடம் படிக்கும் முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும், முள்ளும் நகர வேண்டும். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு முறைகூட அதனால் எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதெல்லாம் அப்படிச் சிதறிய கோப்புகள்தான். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டிகூட அதே வேலையை விநாடிக்குப் பல ஆயிரம் முறை செய்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் இன்றும் என் கடைக்கு வருகின்றன. அவற்றில் எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தையும் கொஞ்சம் கூட்டினால், தம்பியோ தங்கையோ பாடம் தட்டச்சு செய்யும் அளவுக்கு எழுந்து உட்காரும்.

இப்போதைய லேப்டாப்புகளில் வரும் தலைவலி வேறு. சென்ற ஆண்டு ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. எஸ்எஸ்டி நன்றாகவே இருந்தது. அதைக் கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டுத் தரச் சொன்னார். போட்டேன். நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண் கேட்டது. "நான் பூட்டே போடவில்லையே" என்றார். அவர் போடவில்லை. விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே, டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கிவிடும். அதன் சாவி அந்த மதர்போர்டில் உள்ள பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டது. வேறு லேப்டாப்பில் அந்தச் சில்லு இல்லை, ஆகவே மீட்பு எண் இல்லாமல் கதவு திறக்காது. எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

லேப்டாப்பை முதலில் அமைத்துக் கொடுத்தது அவருடைய மகன், அதுவும் தன் மின்னஞ்சல் முகவரியில். மகன் தோஹாவில் இருக்கிறார். மதிய உணவு இடைவேளைக்குக் காத்திருந்து பேசினோம். அவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் மூன்று மீட்பு எண்கள் இருந்தன. திரையில் காட்டும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளை நான் வாசிக்க, அவர் அதற்குப் பொருந்தும் எண்ணைத் தேடி எடுத்தார். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். மின் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் அம்மா எழுதிக்கொண்டே வந்தார். நான்காவது தொகுதியில் ஒரு 7 ஒன்றாகிவிட்டது, மறுபடி தொடங்கினோம். திறந்ததும் ஆசிரியை முதலில் தேடியது பத்தாம் வகுப்பு வினாத்தாள் ஃபோல்டரை.

உங்கள் லேப்டாப் இன்று நன்றாக இயங்கிக்கொண்டிருந்தால், இன்றே அந்த எண்ணை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதற்குச் சமம். எந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. சூயிங்கம் பட்டை போல இருக்கும் அந்தச் சிறிய எஸ்எஸ்டிகளில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இயும் உண்டு. சில பழைய லேப்டாப்புகளின் எம்.2 துளை சாட்டாவை மட்டுமே ஏற்கும். அதில் என்விஎம்இ பொருந்தினாலும், பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) பெயர் வராது. விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ என்று பொதுவாகச் சொல்வார்கள்; விதிவிலக்குகள் இருப்பதால் நான் அதை நம்புவதில்லை, லேப்டாப் மாடலின் கையேட்டைத்தான் பார்ப்பேன். நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242-க்கும் 2230-க்கும் இடம் விட்ட லேப்டாப்பில் அது உட்காராது. என்விஎம்இயில் வேகத்துக்கேற்பத் தலைமுறைகள் உண்டு. மூன்றாம் தலைமுறைத் துளையில் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி வேலை செய்யும், மூன்றாம் தலைமுறை வேகத்தில். அந்தக் கூடுதல் விலை வீண். 2020 முதல் வரும் ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்குகளில் சேமிப்பகத்தைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். அங்கே மாற்றும் பேச்சே கிடையாது, வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

உள்ளே இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் இருக்கிறது என்று விளம்பரத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலி இடம் இருக்கும். அதை மதர்போர்டோடு இணைக்கும் பட்டைக் கேபிளும் பிடிப்புச் சட்டமும் பல மாடல்களில் இருக்காது. தனியாகத் தேடி வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். பழைய லேப்டாப்பின் டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அங்கே ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தலாம். அதற்கான சட்டம் 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என இரண்டு தடிமனில் வருகிறது. அளக்காமல் வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்களே அதிகம். புது எஸ்எஸ்டியை முதன்மை இடத்தில் வையுங்கள், பழையதை டிவிடி இடத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டிபி என்று இணையத்தில் விற்கும் கையடக்க எஸ்எஸ்டியை வாங்கிய ஒரு கல்லூரி மாணவர், அதில் ஏற்றிய வீடியோக்கள் திறக்கவில்லை என்று கொண்டு வந்தார். மூடியைத் திறந்து காட்டினேன். கட்டைவிரல் அளவுக்கு ஒரு போர்டு, அதில் சொருகிய மைக்ரோ எஸ்டி அட்டை ஒன்று, கனம் தெரிவதற்காக ஒட்டிய இரும்புத் துண்டு. உள்ளே இருக்கும் நிரல் 16 டிபி என்று பொய் சொல்கிறது. அட்டை நிறைந்ததும் புதிய கோப்புகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படுகின்றன. பெயர்கள் எல்லாம் பட்டியலில் இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. சந்தேகம் வந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். ஆனால் 512 ஜிபி வாங்கி விண்டோஸில் 476 என்று காட்டினால் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. 36 ஜிபியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

விண்டோஸைப் புதிதாகப் போடும்போது 'டிரைவ் எதுவும் இல்லை' என்று வந்தால், எஸ்எஸ்டி கெட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்புகளில், எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் மென்பொருளைப் பென் டிரைவில் வைத்து ஏற்றினால் எஸ்எஸ்டி தெரியும். நல்ல எஸ்எஸ்டியை இதற்காகவே திருப்பிக் கொடுக்க வந்தவர்களை எண்ணி முடியாது.

கழற்றும்போது பேட்டரி இணைப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும். திருகுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டுக்கு அருகே கொப்புளம் போலப் புடைக்கும். ஒரு வெள்ளைத் தாளில் அடிமூடியை வரைந்து, எந்தத் திருகு எங்கே இருந்ததோ அங்கேயே வையுங்கள். எம்.2-வைச் சாய்வாகச் சொருகிப் படுக்கவைத்து அந்த ஒற்றைச் சிறு திருகைப் போட வேண்டும். திருகு தொலைந்ததால் செல்லோடேப் ஒட்டி அனுப்பிய லேப்டாப் ஒன்று எனக்கு வந்தது. சூட்டில் டேப் இளகி, எஸ்எஸ்டி அந்தரத்தில் நின்றது.

இனி, கழற்றிய பழைய டிஸ்க். "எனக்கு எதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுச் சென்றவர்களின் 23 டிஸ்க்குகள் என் இழுப்பறையில் பெயர்ச்சீட்டோடு கிடக்கின்றன. ஆதார், பான், வங்கி அறிக்கை எல்லாவற்றோடும்தான். தயவுசெய்து எந்தக் கடையிலும் விட்டுவராதீர்கள், என் கடையிலும்தான். வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு மாதம் தொடாமல் வையுங்கள்; புதியதில் எது விட்டுப்போனது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிறகு விற்பதானால், விரைவு ஃபார்மேட் பட்டியலை மட்டுமே அழிக்கும் என்பதை நினைவில் வைத்து, முழுமையாக எழுதி அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். செத்துப்போன டிஸ்க்கை அழிக்கச் சுத்தியல் போதும். ஆனால் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் உள்ளே சுழலும் தட்டு கண்ணாடியால் ஆனது. பழைய கோணிச் சாக்கில் சுற்றி, வாசலில் வைத்து அடியுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.